குதிரையின் அச்சமும் பினாங்குக் குதிரைக்காரரும்

குதிரையின் விரைவைப் புகழ்கிறோம். ஆயின் அவ்விரைவுக்கு வேர் அச்சமே. பகைவிலங்கைக் கண்டதும் ஓடிப் பிழைத்த இனம் அது. அதனை நகரத் தெருவில் நடத்துதல் எளிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுனில் குதிரை வண்டிகள் மிகுதி. 1880-களில் நீராவி டிராமும், 1906-இல் மின்சார டிராமும் அத்தெருக்களில் வந்து சேர்ந்தன. புகைக்கும் மணியோசைக்கும் மிரளாமல் குதிரையைப் பழக்கியவர் ‘சைஸ்’ எனப்பட்ட குதிரைக்காரர். இந்தியரும் பாவெயான் தீவினரும் இத்தொழிலில் இருந்தனர். பின்னாளில் மலாயாவில் மோட்டார் ஓட்டுபவருக்கும் அப்பெயரே வழங்கிற்று.

அச்சத்தை நீக்கும் வழி யாது? கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் விடை கூறினார். மிரளும் குதிரையை அடித்தால் அச்சம் பெருகும். கண்ட பொருளே வலி தந்ததென்று அது எண்ணும். ஆகவே பழக்குபவர் தாமே அப்பொருளைத் தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அருகே நடத்த வேண்டும். இன்றைய விலங்கியலாரும் சிறிது சிறிதாகப் பழக்குதலையே வற்புறுத்துகின்றனர்.

1864-இல் தோன்றிய பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் 2025-இல் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. வென்ற குதிரையின் பெயரும் உடையவர் பெயரும் ஏடுகளில் உள்ளன. அக்குதிரைக்குத் துணிவூட்டிய கைகளைப் பற்றிய குறிப்போ அரிது. அத்தொழிலறிந்த முதியோர் உள்ளபோதே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தல் நம் கடன்.