மடவைக்கு ஒரு கதவு

ஒடிசாவின் சிலிகா காயலில் என்னென்ன மீன் இருக்கிறது என்று கேட்டால், எந்த வருஷத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1914-ல் ஆனண்டேலும் கெம்பும் அங்கே உயிரினங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். என் தொழில் புத்திக்கு அதுதான் முதல் வெர்ஷன். அது இல்லாம எது மாறுச்சுன்னே சொல்ல முடியாது.

மடவையும் கொடுவாவும் கடலில் பிறந்து, காயலுக்குள் வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிறவை. முகத்துவாரம்தான் அவற்றுக்குக் கதவு. மகாநதியின் கிளைகள் கொட்டிய வண்டலும் கரையோரம் நகரும் மணலும் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தன. உப்பு குறைந்தது, நீர்ச்செடிகள் மண்டின, கடலிலிருந்து வரும் மீன் அருகிப்போனது. 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தார்கள். 1999-2000-ல் சுமார் 1,750 டன்னாக இருந்த மீன்பிடி, 2001-02-ல் ஏறக்குறைய 12,000 டன்.

இதைக் காட்டி 'காயல் பிழைச்சிடுச்சு' என்று கதையை முடித்துவிடுகிறார்கள். யார் வலையில் அந்த மீன் விழுந்தது என்பதை டன் கணக்கு சொல்லாது. இறால் விலை ஏறியதுமே வெளியாட்கள் 'கேரி' என்னும் வலை அடைப்புகளைப் போட்டுப் பரம்பரை மீனவர்களின் இடத்தைப் பிடித்திருந்தார்கள். தமிழகத்துக் காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சிலிகா, பழவேற்காடு இரண்டையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. கேரிகள் போகவில்லை. 1999 மே மாதம் மீனவர்களே அவற்றைப் பிரித்துப் போட்டார்கள். சொரனா கிராமத்தில் போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். முகத்துவாரம் வெட்டியது அதற்கு அடுத்த வருஷம்.