பழைய புல்லட்டின் மின்னேற்ற அமைப்பும் போடி மலைச்சாலையும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நகரம். ஏலக்காய் வணிகத்தின் மையம். இங்கிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதற்கு அப்பால் பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் தோட்டங்களுக்கான அன்றாட வாகனங்கள். பழைய புல்லட் போன்ற வண்டிகளின் மின்னேற்ற அமைப்புக்கு, அதாவது சார்ஜிங்குக்கு, இத்தகைய மலைச்சாலை கடினமான சோதனைக்களம்.

மலையேறிய வழிகள்

மலைக்கும் போடிக்கும் இடையே முதலில் சரக்குதான் பெருமளவில் பயணம் செய்தது. மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928-ல் மதுரை–போடி ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் சாலை வளர்ந்தபோது, தோட்டக்காரரும் வியாபாரியும் நினைத்த நேரத்தில் மலையேறி இறங்க மோட்டார் சைக்கிள் உதவியது. நினைத்த நேரம் என்பதில் இரவும் மூடுபனியும் அடங்கும். அங்கே விளக்கு அணைந்தால் அடுத்த வளைவு தெரியாது.

மேக்னெட்டோவிலிருந்து பேட்டரிக்கு

1950-கள் வரை பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இரண்டு மின்கருவிகள் தனித்தனியே இயங்கின. மேக்னெட்டோ எஞ்சினுக்குத் தீப்பொறி தந்தது. டைனமோ விளக்கையும் பேட்டரியையும் கவனித்தது. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும்.

1953-ல் ட்ரையம்ஃப் நிறுவனம் தன் ஸ்பீட் ட்வின் வண்டியில் லூகாஸ் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பிற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. கிராங்க் தண்டின் முனையில் சுழலும் காந்தம், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் காயில்கள். தேயும் பிரஷ் கிடையாது. ஆனால் இம்மாற்றத்துடன் தீப்பொறியும் பேட்டரி, இக்னிஷன் காயில், பாயிண்ட் வழியாக வரத் தொடங்கியது. அதுவரை விளக்கைப் பற்றிய கவலையாக இருந்த சார்ஜிங் கோளாறு, வண்டியையே நிறுத்தும் கோளாறாக மாறியது.

ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. 1956-ல் திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பின்னும் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடர்ந்தது. இதனால் அந்தப் பழைய வடிவமைப்பின் பழுதுபார்ப்பு அறிவும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நீண்டகாலம் புழக்கத்தில் இருந்தது.

ஆறு வோல்ட்டின் சிக்கல்

பழைய புல்லட்கள் 6 வோல்ட்டில் இயங்கின; பின்னர் 12 வோல்ட் வந்தது. ஒரே வாட் அளவுள்ள விளக்குக்கு 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் தேவை. பச்சை பூத்த ஒரு இணைப்பில் அரை வோல்ட் இழந்தால் 6 வோல்ட் அமைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். 12 வோல்ட்டில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான். மழையும் பனியும் மிகுந்த ஏலமலையில் இணைப்புகள் விரைவில் களிம்பேறுவதால் இவ்வேறுபாடு பெரிதாகிறது.

ஏற்றத்தில் சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்வதால் மின்சாரம் போதிய அளவு கிடைக்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, பிரேக்கை மிதித்து மெதுவாக வளைவில் திரும்பும்போது எஞ்சின் வேகம் குறையும். ஹெட்லைட்டும் பிரேக் விளக்கும் ஒருசேர எரியும். ஹாரனும் அடிக்க வேண்டியிருக்கும். உற்பத்தி குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. அப்போது அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்வது இயல்பே. வேகம் கூடிய பின்னும் முள் திரும்பாவிட்டால்தான் அது கோளாறு.

பழுது கண்டறியும் முறை

எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்வதே பழுதறியும் ஒழுங்கு. முதலில் பேட்டரி. நல்ல நிலையில் முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓட்டினால் பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், எர்த் இணைப்பு, சொருகுமுனைகள் ஆகியவற்றைச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும். பல கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ஆல்டர்னேட்டர். அதன் கம்பிகளைக் கழற்றி மாறுமின்னழுத்தத்தை அளந்தால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப அது உயர வேண்டும். உயர்ந்தால் காயில்கள் நலம். அவற்றுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள கம்பி, ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் ஆகியவற்றில் கோளாறைத் தேட வேண்டும். உயராவிட்டால் காயிலையும், செயின் கேஸிலிருந்து கம்பி வெளிவரும் இடத்தையும் பார்க்க வேண்டும். எண்ணெயிலும் சூட்டிலும் கிடக்கும் கம்பியின் உறை அங்கே கெட்டிப்பட்டு வெடிப்பதுண்டு.

ரெக்டிஃபையர் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது. தொடக்ககால செலினியத் தகடு வகையைக் கழற்றும்போது தகடுகள் திருகிக்கொண்டால் உள்ளிணைப்பு அறுந்துவிடும். பழுதுபார்ப்பதே பழுதாக்கிய கதையாகிவிடும். 

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த். இதை அறியாமல் முனைகளை மாற்றி இணைத்தால் நல்ல ரெக்டிஃபையரும் எரிந்துபோகும்.

பிற்கால மாற்றம்

12 வோல்ட் புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் தனித்தனிக் காயில்கள் இருந்தன. பேட்டரி பலவீனமானாலும் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் எரியும். வேகம் குறைந்தால் மங்கும். மேக்னெட்டோ காலத்தின் தனித்தன்மை இவ்வகையில் பாதியளவு திரும்பியது எனலாம். 2008–09 காலத்தில் புதிய எஞ்சின் அறிமுகமான பின் மின்னணுக் கட்டுப்பாடு பெருகியது. மூடிய ரெகுலேட்டர் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் பேட்டரி, இணைப்பு, காயில் என்ற தேடல் வரிசை மாறவில்லை. நல்ல இணைப்பைச் சோதிக்காமல் பெட்டியை மாற்றுபவர் பணத்தை இழப்பதோடு, அதே கோளாறுடன் மறுபடியும் மலையேறுகிறார்.