கடல் தாண்டிய விதை: மக்காச்சோள மரபுப் பன்மையில் இந்தியா கொடுத்ததும் பெற்றதும்

புனே கேம்பில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் எம்.ஜி. சாலை ஓரத்தில் கரியடுப்போடு மக்காச்சோள வண்டிகள் வந்துவிடும். கெட்டி மணிகொண்ட நாட்டுக் கதிர் ஒரு குவியல், இனிப்புக் கதிர் இன்னொன்று. இரண்டுமே கடல் கடந்து வந்தவை. முதலாவது போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்து, சில நூற்றாண்டுகளில் இந்த மண்ணுக்கும் மழைக்கும் இசைந்து நாட்டு ரகமானது. இரண்டாவது நம் காலத்தில் விதைப் பொட்டலமாக வந்தது. இந்த இரு வருகைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மக்காச்சோளத்தின் மரபுப் பன்மையைத் திரட்டவும் காக்கவும் பயன்படுத்தவும் நாடுகள் எவ்வாறு கைகோத்தன, அதில் இந்தியாவின் இடம் எது என்பதே இக்கட்டுரையின் பொருள். விதை எல்லை தாண்டிய வேகத்தில் அறிவு தாண்டவில்லை, உரிமையோ அறிவுக்கும் பின்னால்தான் வருகிறது என்பது நான் முன்வைக்கும் கருத்து.

இந்த ஒத்துழைப்புக்குத் தொடக்கம் ஒப்பந்தம் அல்ல, கடிதம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரோலின்ஸ் எமர்சன் 1928இல் ஓர் அறிவியல் மாநாட்டின் இடையே தம் விடுதி அறையில் மக்காச்சோள மரபியலாளர்களைக் கூட்டினார். அச்சேறாத முடிவுகளையும் வித்துகளையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதென அங்கே பேசி முடித்தார்கள். மக்காச்சோள மரபியல் கூட்டுறவுச் செய்திமடல் அதில் பிறந்ததுதான்.

அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தது ஓர் அச்சம். அமெரிக்காவில் வீரிய ஒட்டு ரகங்கள் பரவப் பரவப் பழைய ரகங்கள் வயலைவிட்டு மறைந்தன. லத்தீன் அமெரிக்காவிலும் அதுவே நடந்துவிடும் என்று தோன்றியபோது, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1951இல் நாட்டு மக்காச்சோள ரகங்களைக் காக்க ஒரு குழு அமைத்தது. மெக்சிகோ, கொலம்பியா, பிரேசில் ஆகிய மூன்று நாடுகளின் மையங்களில் பல்லாயிரம் மாதிரிகள் சேர்ந்தன. ஒட்டு ரகத்தைப் பரப்பிய அதே வட்டாரத்து அறிஞர்களே நாட்டு ரகத்தைச் சேகரிக்கவும் புறப்பட்டதை முரண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எது அழிகிறது என்பது அழியும் இடத்தில் நிற்பவருக்கே முதலில் தெரியும்.

மெக்சிகோவில் பணியாற்றிய மக்காச்சோள அறிஞர் எட்வின் வெல்ஹௌசனும் கொலம்பியாவில் பணியாற்றிய யுலிசிஸ் கிராண்டும் 1950களின் நடுவில் இந்தியா வந்து பயிர்நிலையை ஆராய்ந்தார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1957இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் நெல்லுக்கும் கோதுமைக்கும் வந்த ஒருங்கிணைந்த திட்டங்களுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி. கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய ஒட்டு ரகங்கள் 1961இல் வெளிவந்தன. மஞ்சள் நிறமும் கெட்டி மணியும் விரும்பும் நம் உழவர்களுக்குக் கரீபியத் தீவுகளின் வித்து நன்கு பொருந்தியது. ஆனால் ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும், அதை உற்பத்தி செய்து ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அன்று இல்லை. ஆகவே 1967இல் விஜய், கிசான், ஆம்பர், ஜவாஹர், விக்ரம், சோனா என ஆறு கலவை ரகங்கள் வந்தன. இவற்றில் உழவர் தாமே விதை எடுத்துவைத்துச் சில பருவம் விதைக்கலாம்.

இந்தியா பெற்றுக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. திட்டத்தின் தொடக்ககால ஒருங்கிணைப்பாளரான என்.எல். தவன், சிக்கிம் மலைகளில் கண்ட ஒரு விசித்திரமான ரகத்தைப் பற்றி 1964இல் அந்தச் செய்திமடலிலேயே எழுதினார். ஒரே செடியில் ஐந்தாறு கதிருக்கு மேலும் பிடிக்கும். மணியோ சின்னஞ்சிறு பொரிசோள மணி. ‘சிக்கிம் பிரிமிட்டிவ்’ என்று பெயர் பெற்ற இந்த ரகம், கொலம்பசுக்கு முன்பே ஆசியாவில் மக்காச்சோளம் இருந்ததோ என்ற பழைய ஐயத்தை மறுபடி கிளப்பியது. அசாம் மலைமக்களின் மக்காச்சோளத்தை வைத்து ஸ்டோனரும் எட்கர் ஆண்டர்சனும் 1949இலேயே இந்தக் கேள்வியை எழுப்பியிருந்தார்கள். பிறகு 1989இல் சோமநாதபுரத்து ஹொய்சளச் சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிரே என்று இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வாதிட்டனர். பாயக், சச்சான் என்ற இரு இந்திய அறிஞர்கள் 1993இல் அதை மறுத்து, அது முத்துகளால் ஆனதாகக் கற்பனை செய்யப்பட்ட முக்தாபலம் என்றார்கள். மறுப்பே வலுவானது என்பேன். ஆனால் இந்தச் சர்ச்சையின் ஆரவாரத்தில், வடகிழக்கு மலைகள் மக்காச்சோளப் பன்மையின் இரண்டாம் தாயகம் போன்றவை என்ற பயனுள்ள உண்மை பின்னுக்குப் போய்விட்டது.

விதை போன இடத்துக்கெல்லாம் செய்தி போகவில்லை என்பதற்கு 1970ஐவிடத் தெளிவான சான்று இல்லை. டெக்சஸ் ஆண்மலட்டு உயிரணுச்சாறு என்ற ஒரே தாய்வழியை அமெரிக்க ஒட்டு விதைகளில் பெரும்பகுதி கொண்டிருந்தது. விதை வயலில் ஆண்பூக்களை ஆள் வைத்துக் கிள்ளும் கூலி அதனால் மிச்சம். தென்பகுதி இலைக்கருகல் நோய் அந்தத் தாய்வழியை மட்டும் தேடித் தாக்கியதில் அந்நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காடு போயிற்று. அந்தத் தாய்வழிக்கு இந்நோயைத் தாங்கும் திறன் குறைவு என்று பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் 1961இலேயே தங்கள் நாட்டு இதழில் எழுதியிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகளாகியும் அது உரியவர் காதில் ஏறவில்லை.

ஆசிய நாடுகள் தமக்குள் செய்துகொண்ட பரிமாற்றம் இதைவிட நன்றாக நடந்தது. அடிச்சாம்பல் நோயால் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா எல்லாம் அல்லல்பட்டன. தாய்லாந்தின் கசெட்சார்ட் பல்கலைக்கழகம் பல நாட்டு வித்துகளைக் கலந்து, பிலிப்பைன்ஸ் ரகங்களின் எதிர்ப்புத் திறனை அதில் ஏற்றி, 1970களின் நடுவில் ‘சுவான் 1’ ரகத்தை வெளியிட்டது. இந்த நோயைக் கோவை வட்டாரத்து உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மணியின் தரத்திலும் இதே கதைதான். பர்டூ பல்கலைக்கழகத்தில் 1960களில் கண்டறிந்தபடி, ஓபேக்-2 மரபணு லைசின் என்ற புரதக்கூறைக் கூட்டியது. ஆனால் மணி மாவாகி வண்டு விழுந்தது. இந்தியாவில் 1971இல் வந்த சக்தி, ரத்தன், புரோட்டினா ரகங்கள் நிலைக்காமல் போனதும் இதனால்தான். மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தில் எவாஞ்சலினா வில்லேகாஸும் இந்தியாவில் பிறந்த சுரிந்தர் வாசலும் சேர்ந்து அந்த மணியைக் கெட்டியாக்கினர். அவர்களுக்கு 2000இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்த வழியில் சக்திமான் 1 இந்தியாவில் வெளியானது.

சட்டம் வந்தது இத்தனைக்கும் பிறகு. மரபு வளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது ரோமில் இயங்கும் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் 1983ஆம் ஆண்டு உடன்பாடு. அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றது 1992இன் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை. இரண்டுக்கும் நடுவே வழி தேடியது 2001இன் பயிர் மரபுவள ஒப்பந்தம். இந்தியா 2002இல் அதில் சேர்ந்தது. மக்காச்சோளம் அதன் பொதுப்பட்டியலில் உள்ளது. ஆனால் அதன் காட்டு உறவுகளான தியோசிந்தே இனங்களில் மூன்று விலக்கப்பட்டன. பயிரின் தாயகமான மெக்சிகோ ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பொதுப்பட்டியல் விதையிலிருந்து ஒரு ரகம் உருவாக்கி, மற்றவர் ஆராயவிடாமல் பூட்டி விற்பவர், விற்பனையில் 1.1 விழுக்காட்டில் முப்பது விழுக்காடு கழித்த தொகையைப் பொது நிதிக்குச் செலுத்த வேண்டும். விற்பனைவழியாகக் குறிப்பிடத்தக்க தொகை முதன்முதலில் வந்தது 2018இல், அதுவும் காய்கறி ரகங்களுக்கு.

அதே 2018இல்தான் படைப்புழு கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டு, சில மாதங்களில் தமிழகத்து வயல்களையும் பற்றியது. பூச்சி தாங்கும் திறனைத் தேடியவர்கள் போய் நின்றது, பல பத்தாண்டுகளுக்கு முன் சேகரித்த கரீபிய வித்துகளிடம்.

இனி புனேக்கு வருவோம். மணிபாய் தேசாய் 1967இல் நிறுவிய பாயிஃப் என்ற ஊரக மேம்பாட்டுத் தொண்டு நிறுவனம் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. நந்துர்பார் மாவட்டத்தின் தட்காவ் பகுதியில், சாத்பூரா மலைச்சரிவுகளில் பில், பாவரா உழவர்கள் காத்துவந்த வெள்ளை, மஞ்சள், செந்நிற மக்காச்சோளங்களை அவர்களுடைய விதைக்குழுக்கள் மூலமே திரட்டி விதைத்துவருகிறது. அங்கே மக்காச்சோளம் கோழித்தீவனம் அல்ல, அன்றாட ரொட்டி. உலக மரபணு வங்கிகள் பின்பற்றும் பொதுப் பதிவுமுறையில் சேகரித்த நிறுவனத்துக்கும் இடத்துக்கும் நாளுக்கும் பத்தி உண்டு. விதை கொடுத்த உழவரின் பெயருக்கென்று தனிப் பத்தி கிடையாது. மாறாக, இந்தியாவின் 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி அதே உழவர் தம் ரகத்தைத் தம் பெயரிலேயே பதிவுசெய்துகொள்ளலாம். சாத்பூராவின் கதிருக்கு ரோமில் இல்லாத உரிமை டெல்லியில் இருக்கிறது.