பின்னறைக் கணக்கு: திருத்தணி வட்டாரத்திலிருந்து ஒரு தொழில் வரலாறு

கணினி மென்பொருளில் பயனர் கண்ணால் காணும் திரை ஒரு பகுதி. அவர் தந்த விவரத்தை வாங்கிச் சரிபார்த்து, உரிய இடத்தில் பதிந்து, மறுபடி கேட்கும்போது பிழையின்றி எடுத்துத் தருகிற பகுதி மற்றொன்று. பின்னதைத் தொழில் வட்டாரத்தில் பேக்எண்ட் என்றும், தமிழில் எழுதுவோர் பின்தளம் என்றும் வழங்குகின்றனர். இத்தொழிலில் நிலைபெற என்ன திறன்கள் வேண்டும் என்ற வினாவுக்கு இன்று கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை நிரல்மொழிகளின் பெயர்ப்பட்டியலாகவே அமைகின்றன. ஆனால், தமிழகத்தின் வட எல்லையிலுள்ள திருத்தணியையும் அதைச் சென்னையோடு பிணைக்கும் இருப்புப்பாதையையும் ஒட்டி இத்தொழிலின் முன்வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், மொழிகள் தலைமுறைக்கு ஒரு முறை மாறியிருக்க, பதிவேட்டை முரணின்றிக் காக்கும் திறனுக்கே எப்போதும் வேலை இருந்து வந்துள்ளமை புலப்படும்.

திருத்தணி நெடுங்காலம் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதற்குள் சென்றது, 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாநிலத்தோடு போயிற்று, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்துக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. இடையில், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நில உரிமையின் அடிப்படையையே மாற்றியிருந்தது. அரசுகள் மாறியபோது குடிகள் இருந்த இடத்திலேயே இருந்தனர். யாருடைய நிலம், எவ்வளவு தீர்வை என்ற கணக்குதான் ஒரு நிர்வாகத்திடமிருந்து இன்னொன்றின் பொறுப்புக்குச் சென்றது.

அந்தக் கணக்கை ஊர்மட்டத்தில் எழுதியவர் கர்ணம். அவர் வைத்திருந்த ஏடுகளில் இரண்டு இங்கு முக்கியமானவை. அடங்கல் என்பது சர்வே எண் வாரியாக, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்தார் என்பதைக் குறிக்கும் ஏடு. சிட்டா என்பது ஒருவர் பெயரில் உள்ள நிலங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துக் காட்டும் ஏடு. ஒரே செய்தியை ஒரு முறை நிலத்தின் வழியாகவும், மறு முறை உடையவரின் வழியாகவும் தேடிக் காண இவை உதவின. ஓர் ஏட்டில் நேர்ந்த மாற்றம் மற்றதில் ஏறாமற்போனால் முரண் எழும் என்பதால், ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக்கு ஒரு முறை, ஜமாபந்தி என்ற பெயரில் மேலதிகாரி அமர்ந்து ஊர்க்கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தார். தரவுத்தளம், அதாவது தேடவும் திருத்தவும் ஏற்றவாறு ஒழுங்குபடுத்தப்பட்ட பதிவுத்தொகுப்பு, இன்று தனித்த அடையாள எண், தேடுபட்டி, தணிக்கை ஆகிய சொற்களால் எதைக் குறிக்கிறதோ அதன் நடைமுறை வடிவம் இந்த ஏடுகளில் இருந்தது. நில ஆவணங்கள் பின்னர்க் கணினிக்கு ஏறியபோது சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண் என்ற அதே கட்டமைப்பே உடன் ஏறியது.

இம்முறையின் பெருங்குறையையும் சொல்லியாக வேண்டும். கர்ணத்தைப் பகைத்துக்கொண்டு ஊரில் நிலம் வைத்திருக்க முடியாது என்ற அச்சம் பரவியிருந்ததற்குக் காரணம், ஏட்டின் உள்ளமைப்பை அறிந்தவர் அவர் ஒருவரே என்பதுதான். பரம்பரைப் பதவியாக இருந்த இது, தமிழகத்தில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தாலும், எல்லைக்கு அப்பால் 1984இல் என்.டி. ராமராவ் ஆட்சியிலும் ஒழிக்கப்பட்டது. தமிழகத்தில் அவ்விடத்துக்குத் தேர்வு மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஒரே ஆள் மட்டும் புரிந்துகொள்ளக்கூடிய நிரல் ஒரு நிறுவனத்துக்கு எத்தகைய இடர் என்பதை அறிய விரும்புவோர்க்கு இது நல்ல பாடம்.

ஏடு கணினிக்கு மாறிய கதைக்கு இருப்புப்பாதை வழியே போக வேண்டும். சென்னையையும் பம்பாயையும் 1871இல் இணைத்து முடித்த பாதையில் அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே அமைந்த நிலையம் திருத்தணி. அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் கடந்து, 1955இல் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய பெரம்பூர்ப் பகுதியைத் தொட்டுச் செல்கிறது. நாட்டின் மிகப்பெரிய பணியமர்த்துநர்களில் ஒன்றான ரயில்வே, சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, பண்டகசாலை இருப்பு ஆகியவற்றுக்காக 1960களில் தன் மண்டலத் தலைமையகங்களிலும் உற்பத்தித் தொழிற்சாலைகளிலும் ஐபிஎம் 1401 கணினிகளை நிறுவியது. அக்கணினியின் நினைவகம் மிகுந்தாலும் 16,000 எழுத்துகளை மட்டுமே கொள்ளும்.  விவரங்கள் 80 நெடுவரிசைகள் கொண்ட துளை அட்டைகளில் குத்தப்பட்டு, கட்டுக்கட்டாகச் செலுத்தப்பட்டன. வேலைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஓட்டும் இம்முறையைத் தொகுதிச் செயலாக்கம் என்பர்.

ரயில்வேயின் கணினி மையங்களில் நிரல் எழுத வந்தவர்கள் கணினிப் பட்டதாரிகள் அல்லர். கணினியியலில் இளநிலைப் பட்டம் அப்போது நாட்டில் இல்லை. ரயில்வே ஊழியர்களிடையே மனத்திறன் தேர்வு நடத்தி, அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி தந்தே பணியில் அமர்த்தினர். சம்பளக் கணக்கின் விதிகளை முன்பே அறிந்திருந்தவர்க்கு நிரல்மொழி எளிதாக வசப்பட்டதில் வியப்பில்லை. தொழிலின் உள்ளடக்கத்தை அறிந்த பின் கருவியைக் கற்பது என்ற இவ்வரிசை பிற்காலத்தில் தலைகீழானது. அது ஓர் இழப்பே எனலாம்.

கல்லூரிக் கல்வி மெல்லப் பின்தொடர்ந்தது. ஈரோட்டில் பிறந்த வே. ராஜாராமன் 1965இல் கான்பூர் ஐஐடியில் கணினியியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார், எம்.சி.ஏ. என்ற படிப்பு நாட்டில் பரவவும் அவர் காரணமாக இருந்தார். 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது, அங்கு எச்.என். மகாபலா வளர்த்த துறையில் பயின்றவர்களுள் பின்னாளில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கோபாலகிருஷ்ணனும் உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பங்கு வரம்பை ஏற்காமல் ஐபிஎம் 1978இல் வெளியேற, அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது. பழுதுபார்க்கும் வேலையாகத் தொடங்கிய அந்த அனுபவம், பிறர் எழுதிய அமைப்பைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியாக மாறிப் பெரும்பலன் தந்தது.

அப்பலன் ரயில் முன்பதிவு அமைப்பு. சி.எம்.சி. உருவாக்கிய இம்ப்ரெஸ் 1980களின் நடுவில் தில்லியில் செயல்படத் தொடங்கி, அப்பத்தாண்டு முடிவதற்குள் சென்னைக்கும் வந்தது. இந்தியப் பேக்எண்ட் தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம் இதுவே. சம்பளக் கணக்கில் எழாத ஒரு சிக்கல் இங்கு எழுந்தது: ஒரு வண்டியில் எஞ்சியிருக்கும் ஒரே படுக்கையை இரு கவுண்டர்களில் இருவர் ஒரே கணத்தில் கேட்டால் அது ஒருவருக்கு மட்டுமே கிடைக்க வேண்டும், பணம் வாங்கிய பின் மின்சாரம் போனாலும் பதிவு நிலைக்க வேண்டும், இடம் ஒதுக்கப்படாவிட்டால் பணமும் எடுக்கப்பட்டிருக்கக் கூடாது. இவ்வாறு முழுதாக நடக்கவோ முழுதாக நடவாதிருக்கவோ வேண்டிய செயலைப் பரிவர்த்தனை என்பர். அதற்குரிய நான்கு பண்புகளான முழுமை, முரணின்மை, தனிமை, நிலைப்பு ஆகியவற்றுக்கு ஹேர்டர், ராய்ட்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் இருவர் 1983இல்தான் ஒரு பொதுப்பெயர் சூட்டியிருந்தனர்.

அடுத்த சிக்கல் தொலைவு சார்ந்தது. சென்னை, செகந்திராபாத், தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய ஐந்து மையங்களும் தனித்தனிக் கணினிகளில் இயங்கியவரை, இரு மண்டலங்கள் சந்திக்கும் திருத்தணி, ரேணிகுண்டா போன்ற எல்லைப்பகுதிப் பயணிகளுக்குத் திரும்புபயணச் சீட்டு எடுப்பதே ஒரு பாடு. ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய கான்சர்ட், ஒவ்வொரு வண்டியின் பதிவையும் அதற்குரிய மையத்திலேயே வைத்துக்கொண்டு, எங்கிருந்து கேட்டாலும் கேள்வியை அம்மையத்துக்கு அனுப்பி விடைபெறும் முறையைக் கையாண்டது. 1999இல் ஐந்தும் இணைந்தன. 2002இல் ஐஆர்சிடிசி இணையம் வழியே சீட்டு விற்கத் தொடங்கியதும் சுமை என்ற மூன்றாவது சிக்கல் முளைத்தது. ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டம் முழுவதும் திருத்தணி மலைப்படிகளில் ஒரே நாழிகையில் ஏற முற்படுவதைப் போலத் தட்கல் நேரத்தில் கோரிக்கைகள் குவியும். அவற்றை வரிசையில் நிறுத்துவதும், பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிப்பதும், அடிக்கடி கேட்கப்படும் விவரத்தைக் கைக்கெட்டும் தற்காலிக நினைவில் வைத்திருப்பதும் தனித்த கலைகளாயின.

இதே காலத்தில் சிற்றூர்களில் வேறொன்று நடந்தது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவந்த பெற்றோர், தொண்ணூறுகளில் டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ. என்ற கணினிச் சான்றிதழ்களுக்கு அனுப்பினர். ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக், கோபால், ஜாவா என்று மொழிகள் பருவத்துக்கேற்ப விலைபோயின; ஆண்டை ஈரிலக்கத்தில் பதிந்ததால் எழுந்த ஈராயிரமாம் ஆண்டுச் சிக்கல் தீர்ந்ததும் கோபாலின் மவுசு சரிந்தது. எட்கர் காட் 1970இல் வகுத்த உறவுநிலைத் தரவு மாதிரியும், அதைக் கேட்டுப் பெற உருவான எஸ்.கியூ.எல். மொழியும் மட்டும் இத்தனை மாற்றங்களுக்கும் நிலைகுலையாமல் நின்றன. அப்பாடத்தைக் கருத்தூன்றிப் படித்தவர் பலருக்கு அடுத்தடுத்த மொழிகள் சில மாத வேலையாகவே இருந்தன.

இணையத்துக்குப் பிந்திய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். சோஹோ நிறுவனம் 2000களின் நடுவிலிருந்து, பள்ளிப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்தவர்களை உதவித்தொகை தந்து பயிற்றுவித்துப் பணியிலமர்த்தியது. பழைய ரயில்வே கணினி மையத்தின் வழிமுறையே வேறுருவில் திரும்பிற்று எனலாம். திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் படித்த மாணவர்க்கும் சொந்தக் கணினி கிடைக்க வழிசெய்தது.

எல்லைப்புற ஊர்களுக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. ஒரே குடும்பத்தின் பெயர் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் பதிவாகியிருக்கையில், பெயரை வைத்து ஆளை அடையாளம் காணும் எந்த நிரலும் தடுமாறும். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்த நாளில் சேமித்த கோப்புகள் வேறு கணினியில் புரியாத குறிகளாயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பின்னரே இது மெல்லத் தணிந்தது. குறியாக்கம் என்ற பாடத்தைப் பயிற்சி நிலையங்கள் பொருட்படுத்துவதில்லை. வேலைக்குச் சேர்ந்தவர் அதைத் தலைவலியாகச் சந்தித்தே கற்கிறார்.

இன்று சென்னை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் ஸ்பிரிங் பூட், ஜாங்கோ என்று தாம் கற்ற கருவிகளை அடுக்கும் இளைஞரிடம், ஓர் இருக்கையை இருவர் ஒரே கணத்தில் கேட்டால் என்ன செய்வீர் என்ற பழைய கேள்வியே மறுபடி கேட்கப்படுகிறது. அதற்கு விடை கற்க வகுப்புக்கட்டணம் தேவையில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பழைய மடிக்கணினியொன்றில் நிறுவி, இரு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ஓர் இருக்கையை விற்றுப் பரிவர்த்தனையை முடிக்காமல் நிறுத்திவிட்டு, மற்றதில் காலியாக இருந்தால் மட்டும் விற்குமாறு அதே இருக்கைக்கு ஆணையிட்டால், இரண்டாவது சாளரம் விடை தராமல் காத்து நிற்கும். முதலாவதை முடித்தவுடன் இரண்டாவது விடுபட்டு, மாற்றிய வரிகள் சுழியம் என்று அறிவிக்கும்.