நொக்ஸ் கண்ட நாழிகை வட்டில்: கண்டி இராச்சியத்தில் காலக்கணிப்பும் கன்னார் கைவினையும்

கண்டி இராச்சியத்தில் நேரம் அளக்கும் வழக்கம் அரண்மனையைத் தாண்டவில்லை, குடிகள் குத்துமதிப்பாகவே நாளைக் கழித்தனர் என்று நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. இக்கருத்து பெரிதும் சாய்ந்து நிற்பது ஒரு பத்தியின்மேல்: 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் எழுதியது. அப்பத்தி இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்பது என் துணிபு.

அடியில் நுண்துளையிட்ட செப்பு வட்டிலை நீர்ப்பானையில் மிதக்கவிடுவர். நீர் ஏறி நிறைந்ததும் அது அமிழும். ஓர் அமிழ்வு ஒரு 'பெய', நமது நாழிகை, 24 நிமிடம். பகலுக்கு 30, இரவுக்கு 30. இவ்வளவையும் செம்மையாகச் சொல்லும் நொக்ஸ் மேலும் இரண்டு செய்திகள் தருகிறார். அரசனன்றி இதை ஆள்வோர் அரிது. அவன் இதைக் காக்கவே ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறான். ஆயினும் விதைப்புக்குச் சுபவேளை குறிக்கப்பட்டால் ஊரவரும் வட்டிலை எடுப்பர். முந்தைய ஆய்வு முதலாவதைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை விதிவிலக்கென ஒதுக்கிற்று.

நான் அவற்றை மாற்றி எடைபோடுகிறேன். நொக்ஸ் அரசவையில் இருந்தவரல்லர். உடுநுவரையின் எலதெத்த போன்ற ஊர்களில் உழுகுடிகளிடையே வாழ்ந்தவர். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோ தனக்கெதிராக 1664இல் நில்லம்பையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் அங்குரான்கெத்தையில் இருந்தான். ஆகவே அரண்மனை வட்டில் அவருக்குப் பெரும்பாலும் கேள்விச் செய்தி. விதைப்பு வட்டில் அவர் கண்ணுக்கெட்டிய வழக்கம். சுபவேளைக்கு எடுக்கும் வட்டில் அதற்கு முன்பே சரிபார்க்கப்பட்டு எட்டும் தொலைவில் இருந்திருக்க வேண்டும். எத்தனை ஊர்களில் என்பதை இப்பத்தியிலிருந்து கணிக்க இயலாது.

வட்டிலைச் செய்யும் கன்னாரின் திறமை துளையில் இருக்கிறது. மயிரிழை அகன்றால் வட்டில் விரைந்து அமிழும், களிம்பேறினால் சுணங்கும். வட்டிலுக்கு எடையும் விட்டமும் வகுத்த முன்னோரின் வழியில் செல்லாமல், 12ஆம் நூற்றாண்டின் வானியலாளர் பாஸ்கரர் எளிய விதி ஒன்றைத் தந்தார்: பகலிரவில் அது எத்தனை முறை அமிழ்கிறதெனக் கண்டு 60ஐ அத்தொகையால் வகுத்தால், ஓர் அமிழ்வு எத்தனை நாழிகை என்பது தெரியும். இதற்கு அரண்மனைப் பட்டறை வேண்டியதில்லை, சூரியோதயம் போதும். ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கிலுள்ள கண்டியில் பகல்பொழுது 12 மணியிலிருந்து விலகுவது ஆண்டு முழுவதும் ஒன்றரை நாழிகைக்குள்தான். மலைநாட்டு நீரின் குளிர்ச்சி கணக்கைக் குலைக்குமென்ற மறுப்பு பெரிதல்ல. நாள்தோறும் உதயத்தில் பிழை கழிந்துவிடும்.

'குத்துமதிப்பு' என்பது நொக்ஸின் தீர்ப்பு. அதற்கு அவர் கைக்கொண்ட அளவுகோலும் அவ்வளவு துல்லியமானதல்ல. அவர் 1658இன் தொடக்கத்தில் கப்பலேறினார்; ஊசல் கடிகாரம் இலண்டனில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது அவ்வாண்டின் பிற்பகுதியில். அவர் பார்த்து வளர்ந்த கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் வரை பிழைத்தவை. ஆளுயர ஊசல் கடிகாரங்களை அவர் கண்டிருந்தால் அது மீண்டு சென்ற பிறகே. அத்தகைய கடிகாரங்களின் முகப்பில் செய்தவரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டன. கண்டி வட்டிலில் அப்படி ஒரு பெயரைத் தேடி ஏமாந்தவர்கள், அதைச் செய்த கையையே மறந்தார்கள்.

எஞ்சியுள்ள வட்டில்களின் விட்டத்தையும் எடையையும் குறிப்பதோடு நில்லாமல், துளையின் அளவும் அமிழும் நேரமும் பதியப்பட வேண்டும். வெவ்வேறு ஊர்களின் வட்டில்கள் ஒரே நாழிகைக்கு இசைந்தால், அரண்மனை ஒன்றே நேரம் அளந்தது என்ற வாதம் கைவிடப்பட வேண்டியதாகும்.