சிகாகோவின் தெற்கும் மேற்கும்: துப்பாக்கிச் சத்தத்திற்கு நடுவே அன்றாட வாழ்க்கை

சிகாகோ என்றதும் நம்மில் பலருக்கு 1893இல் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை நினைவுக்கு வரும். தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்கு 1886ஆம் ஆண்டு மே மாதப் போராட்டம் நினைவுக்கு வரும். இன்றைய மாணவர்களுக்கோ அது துப்பாக்கிச் சூடு ஓயாத ஊர். இந்த மூன்றாவது அடையாளம் பொய்யல்ல. ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது.

1974இல் அந்நகரில் 970 பேர் கொலையுண்டனர். 1992இலும் எண்ணிக்கை 900ஐத் தாண்டியது. பிறகு படிப்படியாகக் குறைந்து, 2016இல் மீண்டும் 750க்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டுக் கொலைகளில் பத்தில் ஒன்பது துப்பாக்கியால் நடந்தவை. ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் செயின்ட் லூயிஸ், பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய நகரங்களின் நிலை இதைவிட மோசம். மேலும், சிகாகோவின் வடபகுதியில் வசதியாக வாழும் ஒருவர் துப்பாக்கிச் சத்தத்தையே கேளாமல் ஆண்டுகளைக் கழித்துவிடலாம். சாவுகள் குவிவது தெற்கிலும் மேற்கிலும் உள்ள எங்கல்வுட், ஆஸ்டின், வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் போன்ற சில வட்டாரங்களில். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

இது எப்படி நேர்ந்தது? திரைப்படங்களில் வரும் அல் கபோனை இதற்குக் காரணமாகக் காட்டுவது வழக்கம். 1929 பிப்ரவரி 14 அன்று 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு உலகறிந்தது. ஆனால் மதுவிலக்குக் காலத்துச் சாராயச் சண்டைக்கும் இன்றைய நிலைக்கும் நேரடித் தொடர்பு குறைவு. வீடும் வேலையும்தான் பெரிய காரணங்கள் என்பேன்.

1916 முதல் 1970 வரை தென்மாநிலங்களிலிருந்து சுமார் 5 லட்சம் கறுப்பின மக்கள் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தனர். வெள்ளையர் தெருக்களில் அவர்களுக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரங்களிலேயே எழுதிவைத்தார்கள். 1948இல் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், கடன் கொடுக்காமலே அவர்களை ஒதுக்கிவைக்க முடிந்தது. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு இதன் உச்சம். 16 மாடி கொண்ட 28 கட்டடங்கள், ஒரே வரிசையில், ஏழைகளுக்கென்றே. சில ஆண்டுகளில் வேலையும் போயிற்று. 1971இல் இறைச்சித் தொழிலின் மையமான யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் மூடப்பட்டது. 1992இல் சவுத் வொர்க்ஸ் இரும்பாலை மூடப்பட்டது. அப்பன் வேலை பார்த்த ஆலை வாசலில் மகனுக்கு வேலையில்லை. அந்த இடத்தில் போதைப்பொருள் விற்கும் கும்பல்கள் வளர்ந்தன.

பின்னர் கும்பல் தலைவர்கள் சிறை சென்றார்கள்; 2007க்குள் ராபர்ட் டெய்லர் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. பிரச்சினை தீரவில்லை, சிதறியது. பெரிய கும்பல்கள் உடைந்து, ஓரிரு தெருக்களைச் சேர்ந்த இளைஞர் குழுக்களாயின. இப்போது சமூக ஊடகத்தில் ஒரு கேலிச் சொல்லே சண்டைக்குப் போதும்.

சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. 1982இல் நகராட்சி புதிய கைத்துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓடிஸ் மெக்டொனால்ட், தென்பகுதியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கறுப்பினத் தொழிலாளி. அவர் வீட்டில் பலமுறை திருட்டு நடந்திருந்தது. திருடனிடம் துப்பாக்கி இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். 2010இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இல்லினாய் மாநிலத்திற்கு வெளியிலிருந்து வருபவை. பக்கத்து இண்டியானாவுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இனி, அங்கு வாழ்வோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் முதலில் கேட்பது பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள் என்பதைத்தான். 2013இல் சிகாகோ நிர்வாகம் மாணவர் குறைவைக் காட்டி ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடியது. வரைபடத்தில் அடுத்த பள்ளி சில தெருக்கள் தள்ளித்தான். ஆனால் அந்தச் சில தெருக்களுக்கு இடையே ஒரு குழுவின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்தக் கோடு தெரியும். எனவே 2009இல் தொடங்கிய 'பாதுகாப்பான பாதை' என்ற திட்டம் விரிவாக்கப்பட்டது. பளிச்சென்ற மேலங்கி அணிந்த பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் காலையிலும் மாலையிலும் தெருமுனைகளில் நிற்பார்கள். அவர்களிடம் ஆயுதம் கிடையாது. இன்னார் பேரன், இன்னார் மகள் என்று தெரிந்து வைத்திருப்பதே அவர்கள் பலம். அந்தப் பாதைகளில் வன்முறைக் குற்றங்கள் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

2000இல் கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர் வேறொரு வழியைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்களோடு போராடியவர் அவர். வன்முறையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது, இடையில் தடுக்கலாம் என்றார். சிறை சென்று திருந்திய முன்னாள் கும்பல் உறுப்பினர்களையே பணியில் அமர்த்தினார். சுடப்பட்டவனின் மருத்துவமனைக் கட்டிலருகே சென்று, பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களைப் பேசி நிறுத்துவது அவர்கள் வேலை. 2015இல் மாநில நிதி நின்றது; மறு ஆண்டில் கொலைகள் கூடின. முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அப்படிச் சொல்வோர் பலர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மருத்துவமனையின் கதை இன்னும் கடினமானது. ஹைட் பார்க்கில் உள்ள சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை, செலவு தாளவில்லை என்று பெரியவர்களுக்கான படுகாயச் சிகிச்சைப் பிரிவை 1988இல் மூடியது. 1893ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி நடந்த இடத்திற்குப் பக்கத்தில் உள்ள, புகழும் செல்வமும் மிக்க நிறுவனம் அது. 2010 ஆகஸ்டில் அதற்குச் சில தெருக்கள் தள்ளி 18 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். அவரைச் சுமார் 10 மைல் தொலைவில் உள்ள வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே அவர் இறந்தார். அவர் ஓர் இளைஞர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய தாயும் தோழர்களும் பல்கலைக்கழக வாசலில் போராடத் தொடங்கினர். ஊர்வலம், மறியல், கைது என்று ஆண்டுகள் ஓடின. படுகாயப் பிரிவிலிருந்து 5 மைலுக்கு அப்பால் சுடப்படுவோர் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2013இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று அவர்களுக்குக் கைகொடுத்தது.

2015 டிசம்பரில் நிர்வாகம் இணங்கியது. 2018 மே 1 அன்று அந்தப் பிரிவு திறக்கப்பட்டது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு, தென்பகுதியில் சுடப்பட்ட ஒரு பெரியவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் அந்த வாசலிலேயே நிற்க முடிந்தது.