அபர்தீனுக்கு வந்த பன்றி மூளைகள்

அபின் வலியைப் போக்கும் என்பது மனிதன் நெடுங்காலமாக அறிந்ததுதான். மூளையில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது மட்டும் 1973 வரை புதிர்.

அந்த ஆண்டு பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரின் மாணவி கேண்டஸ் பெர்ட், கதிரியக்கம் ஏற்றிய நலாக்சோனை மூளைத் திசுவோடு கலந்து அபின் போய் ஒட்டும் ஏற்பிகளைக் கண்டுகாட்டினார்.

கசகசாச் செடியின் பாலான அபினுக்கு நம் மூளையில் எதற்கு இடம்? அப்படியானால் உடலே அதுபோன்ற ஒன்றைச் சுரக்க வேண்டும். அதைத் தேடி, ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஆய்வாளர் ஜான் ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துக் கசாப்புக்கூடம் போய்ப் பன்றி மூளைகளை வாங்கிவந்தார். அவரும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் 1975இல் அவற்றிலிருந்து என்கெபலினைப் பிரித்தெடுத்தனர். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம்.

1978இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது ஸ்னைடர், ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது. சோதனையைச் செய்த பெர்ட்டின் பெயர் அதில் இல்லை. அது அநியாயம்தான்.